அனைவரும் எழுக

என் வேலை இரண்டே சொல்:
"அனைவரும் எழுக."
பிறகு கதவைப் பிடிப்பது,
குவளையில் தண்ணீர் நிரப்புவது,
சட்டப் புத்தகம் சுமப்பது.
இருபத்திரண்டு வருடம்
நீதிபதி பிரோனா டெவேனிக்கு
முன்னால் நடந்தவன் நான்.
முன்னால் நடப்பவனுக்கு முகம் தெரியாது,
காலடி தெரியும்.
வலது காலில் லேசான இழுப்பு.
தீர்ப்பு நாளில் கொஞ்சம் கூடும்.

லீட்ரிமில் பால் லாரி ஓட்டியவர் மகள்.
வக்கீலான முதல் குளிர்காலத்தில்
மூன்றே வழக்கு,
அதில் ஒன்றுக்குக் கூலி ஒரு வாத்து.
காரிக் கோர்ட்டில் கூரை ஒழுகும்.
வாளியில் சொட்டு விழுகிற இடைவெளி பார்த்து
வாக்கியத்தை முடிப்பாராம்.
டப்ளினில், ஒழுகாத கூரைக்குக் கீழே,
நீதிபதி நாற்காலியிலும் அது போகவில்லை:
ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம்,
எங்கோ ஒரு சொட்டு.

மேயோவில் அண்ணன் தம்பி.
ஒரு சந்து, பதினோரு அங்குலத் தகராறு.
இரண்டு பேரிடமும் வரைபடம், இரண்டும் பொய்.
மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு
ரப்பர் பூட்ஸோடு கிளம்பினார்.
சேற்றில் மண்டியிட்டு
பழைய கேட் நின்ற குழியைக்
கையாலேயே துழாவினார்.
திரும்பும்போது பூட்ஸ் கழுவ
ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான் அண்ணன்.
தோற்கப்போவது தான்தான் என்று
அவனுக்கு அப்போது தெரியாது.
தெரிந்திருந்தாலும் வைத்திருப்பான் என்பார் அவர்.
நான் அப்படி நினைக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நாற்காலி.
சாலையோரம் நின்ற கேரவன் வீட்டைக்
கவுன்சில் இழுத்துப்போன வழக்கு.
நால்வர் ஒரு பக்கம்.
இவர் தனியாகப் பத்தொன்பது பக்கம்.
மாறுபட்ட தீர்ப்பு, பயனில்லாத தீர்ப்பு.
ஒரு வரி விடாமல் உரக்க வாசித்தார்.
கடைசி பெஞ்சில் கைக்குழந்தையோடு
வின்னி காஷ் உட்கார்ந்திருந்தாள்.
மற்ற நால்வரும் கடிகாரம் பார்த்தார்கள்.
நானும்தான். எனக்குப் பசி.

பிறகு அந்த விசாரணைக் கமிஷன்.
டோனிகால் கடலில் 'நோரா பான்' போனது,
ஆறு பேரோடு.
சர்ச் மண்டபத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்தோம்.
காசு போட்டால் எரிகிற ஹீட்டர்.
காசு அவருடைய பர்ஸிலிருந்து.
வந்த ஒவ்வொரு மனைவியிடமும், தாயிடமும்
முதல் கேள்வி:
"அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டார்?"
கம்பெனி வக்கீல் எழுந்தார், தொடர்பில்லை என்று.
"பதிவில் இருக்கட்டும்," என்றார்.
முட்டை. கஞ்சி. ஒன்றுமில்லை.
நேற்றைய உருளைக்கிழங்கு. தேநீர் மட்டும்.
ஆறாவது ஆளின் தாய் பதில் சொல்லவில்லை.
அதுவும் பதிவில் இருக்கிறது.

அறுநூற்று நாற்பது பக்கம்.
அமைச்சர் கைகுலுக்கினார், படம் எடுத்தார்கள்,
அறிக்கை அலமாரிக்குப் போனது.
நான்கு குளிர்காலம் கழித்து
விதிப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது:
உயிர்காப்புத் தெப்பத்தை
வருடந்தோறும் பிரித்துச் சோதிக்க வேண்டும்.
ஒரு வரி.
"விரிகிறதா என்று யாராவது பார்த்தால் சரி,"
என்று சொல்லிவிட்டு
அடுத்த கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

மாலக்கி டர்கன் பற்றியும் சொல்ல வேண்டும்.
ஏழு வருடம் கொடுத்தார் அவனுக்கு.
நான்காம் வருடம் உண்மையான ஆள் அகப்பட்டான்.
மேல்முறையீட்டில் மூன்று பேர்
மரியாதையான மொழியில் சொன்னார்கள்,
நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று.
சிறையிலிருந்து அவன் எழுதிய கடிதம்
மேசை இழுப்பறையில் கிடந்தது.
பதில் எழுத நீதிபதிக்கு வழியில்லை.
எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்,
எனக்குத் தெரியாது.

கடைசி நாள்.
கேக், உரைகள், தலைமை நீதிபதியின் கைத்தட்டல்.
அங்கியை மடித்து
சூப்பர் மார்க்கெட் பையில் திணித்தார்.
இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.
வேறெதையும் எடுக்கவில்லை.
நான் கேட்கவில்லை.

மழையில் லிஃபி ஓரம் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.
இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார்,
பை முழங்காலில் இடித்துக்கொண்டு.
யாரும் எழவில்லை. ஏன் எழ வேண்டும்?
என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

ஹெட்ஃபோன் மாட்டிய பையன் ஒருவன்
நிமிர்ந்து பார்த்து, பாதி எழுந்தான்.
"அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன், உட்கார்," என்றார்.

ஏழு ஸ்டாப் போயிற்று.